ரிஃபத் இல்காஸின் ஊர்கள்: இஸ்தான்புல்லிலிருந்து சினோப் வரை

திங்கள், இஸ்தான்புல்

ரிஃபத் இல்காஸ் என்ற பெயரைத் துருக்கியில் யாரிடம் சொன்னாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும். "ஹபாபாம் சினிஃபி எழுதினவர்தானே?" என்பார்கள். அந்தப் படத்தின் பாட்டு மெட்டை வாயாலேயே வாசித்துக் காட்டுகிறவர்களும் உண்டு. அடங்காத ஒரு வகுப்பு, அதை அடக்கப் பார்க்கும் மொட்டைத்தலைத் துணைத்தலைமை ஆசிரியர், குறும்புக்கு மேல் குறும்பு. இல்காஸின் நாவலை வைத்து 1975இல் எர்தெம் எயில்மெஸ் இயக்கத்தில் வந்த படம். இன்றும் தொலைக்காட்சியில் போட்டால் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள். அதை எழுதியவர் முதலில் கவிஞர் என்பதும், கவிதை எழுதியதற்காக ஜெயிலுக்குப் போனவர் என்பதும் அந்தச் சிரிப்புக்குள் எங்கோ காணாமல் போய்விட்டன. இந்த வாரம் முழுக்க அந்தக் கவிஞரைத் தேடித்தான் சுற்றப்போகிறேன்.

கூட வருபவர் என் எதிர்வீட்டில் குடியிருந்த ஓய்வுபெற்ற இலக்கிய ஆசிரியை. சொந்த ஊர் கஸ்தமோனு. இங்கே ஆசிரியர் யாரானாலும் "ஹோஜாம்" என்றுதான் கூப்பிடுவது வழக்கம், நானும் அப்படியே. அவர் என்னை "ஓலும்" என்பார், நம்மூரில் "தம்பி" என்பதைவிடக் கொஞ்சம் உரிமையாக, மகனே என்கிற மாதிரி. என் துருக்கி மொழி கடைகண்ணிக்கும் அலுவலகத்துக்கும் போதும், கவிதைக்குப் போதாது. வரிக்கு வரி ஹோஜாம்தான் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

காலையில் கராகும்ரூக். பழைய மதிலுக்கு உட்பட்ட நகரத்தில், ஃபாத்திஹ் பகுதியில் இருக்கும் பேட்டை. நெருக்கமான வீடுகள், மாடிக்கு மாடி காயும் துணிகள், பேட்டையின் கால்பந்துக் குழுவின் சிவப்பு கறுப்புக் கொடிகள். இரண்டாம் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் இல்காஸ் இங்கேதான் நடுநிலைப் பள்ளியில் துருக்கி மொழி ஆசிரியர். துருக்கி போரில் சண்டை போடவில்லை. ஆனால் போரின் பசி இங்கேயும் வந்தது. 1942இல் ரொட்டிக்கு ரேஷன் அட்டை. ராத்திரியில் ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம். நகரம் ராணுவச் சட்டத்தின் கீழ்.

அந்தப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதிய கவிதை ஒன்று, 'என் பிள்ளைகள்'. வருகைப் பதிவேட்டைப் பார்த்து நான் உங்களைத் தெரிந்துகொள்ளவில்லை என்று ஆசிரியர் ஆரம்பிக்கிறார். வகுப்புக்கே வராத பையனை அவர் தெரிந்துகொண்டது சினிமா பார்த்துத் திரும்பும் வழியில். அவன் கக்கத்தில் விற்காத பேப்பர் கட்டு. படு சோம்பேறி என்று பெயரெடுத்தவன் புகை மண்டிய ஒரு கூடத்தில் அவரிடமே புதினா மிட்டாயை நீட்டுகிறான். எந்நேரமும் கனவில் இருப்பவன் முதுகில் சுமைக்கூடையோடு வந்து, அவர் கையில் இருக்கும் கீரைக்கட்டை வாங்கிக்கொள்ளப் பார்க்கிறான். கோட்டு இல்லை, ஷூ இல்லை; அதனால் பள்ளிப் பக்கம் வருவதை நிறுத்தியவர்கள் பலர். ஒருவன் மீன் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்கிறான், ஒருவன் தஹ்தகாலேயில் டீ கொடுக்கிறான். வகுப்பிலோ ஆசிரியர் வெண்ணெயில் என்ன வைட்டமின், முட்டையில் எத்தனை கலோரி என்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். பூமியின் சுற்றளவை அளந்தோம், நட்சத்திரங்களின் தூரத்தைக் கணக்குப் போட்டோம், மூக்குக்குக் கீழே இருப்பதைப் பார்க்கவில்லை.

மதியம் தஹ்தகாலேவுக்கு இறங்கி நடந்தோம். எமினோனூவில் மசாலா பஜாரை ஒட்டிய மொத்த வியாபாரச் சந்துகள். பிளாஸ்டிக் வாளி, சீன பொம்மை, பொட்டலம் கட்டும் நாடா, வறுத்த காப்பி வாசனை. தொங்கு தட்டில் டீ கிளாஸ்களை வைத்துக்கொண்டு ஒரு பையன் கூட்டத்தை வெட்டிக்கொண்டு ஓடினான். பதினைந்து வயது இருக்கலாம். திங்கட்கிழமை, பள்ளி நேரம். ஹோஜாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய், வாலிதேபா, இரவு பஸ்

ஆசியக் கரையில், உஸ்குதாருக்கு மேலே வாலிதேபா என்ற தோப்பு. உள்ளே ஒட்டோமன் இளவரசி அதிலே சுல்தானின் மாளிகை. ஹபாபாம் படங்களை எடுத்தது இங்கேதான். இப்போது ஆசிரியர் இல்லமாக இருக்கிறது. படத்தில் வந்த வகுப்பறையை ஜோடித்து வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன்.

மாளிகைக்கு இன்னொரு கதையும் உண்டு. குடியரசின் ஆரம்ப காலத்தில், 1927இலிருந்து, இந்த இடம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்குமான காசநோய் மருத்துவ இல்லம். காசநோய் அன்று துருக்கி ஆசிரியர்களின் தொழில் நோய் மாதிரி. இல்காஸுக்கும் அதுதான், வாழ்நாளில் பெரும்பகுதி நுரையீரலோடு மல்லுக்கட்டினார். படம் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கிற அதே கூடங்களில் ஒரு காலத்தில் ஆசிரியர்கள் இருமிக்கொண்டு படுத்திருந்தார்கள். செல்ஃபி எடுக்கும் அறையில் இதைப் பற்றி என் கண்ணில் ஒரு வரியும் படவில்லை.

படத்தைப் பற்றி எனக்கும் ஹோஜாமுக்கும் சண்டை. எனக்குப் படம் பிடிக்கும். அதில் நடித்த கெமால் சுனால் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிப்பு வந்துவிடும். ஹோஜாம் ஒத்துக்கொள்ள மாட்டார். "புத்தகத்தில் அது விடுதிப் பள்ளி, ஓலும். மனப்பாடம் பண்ணு, ஒப்பி, இல்லாவிட்டால் ஃபெயில். அந்த முறையைத்தான் அவர் கிண்டல் பண்ணினார். படத்தில் அதைக் காசு கட்டிப் படிக்கும் தனியார் பள்ளியாக்கி, ஆளாளுக்குக் கண்ணீர் விட வைத்து..." பாதியிலேயே கையை உதறிவிட்டார்.

நாவல் பிறந்த கதையே வேடிக்கைதான். 1950களின் நடுவில் இல்காஸின் பெயரைப் போட்டால் பத்திரிகைக்கு வம்பு. செல்சுக் சகோதரர்கள் நடத்திய 'டோல்முஷ்' என்ற நகைச்சுவை வார இதழில் இந்தக் கதைகள் தொடராக வந்தபோது எழுதியவர் பெயர் ஸ்டெப்னே. டோல்முஷ் என்றால் இங்கே ஷேர் டாக்ஸி. அதற்கு ஒரு ஸ்டெப்னி வேண்டாமா? துருக்கியிலும் மாற்று டயருக்கு அதே பெயர்தான். 1957இல் புத்தகமானது. 1960களில் உல்வி உராஸ் நாடகமாகப் போட்டார், அரங்கு நிறைந்தது. படம் அதற்கும் பிறகு.

ராத்திரி கஸ்தமோனு பஸ். பஸ் புறப்பட்டதும் உதவியாளர் பையன் ஒவ்வொருவர் கையிலும் எலுமிச்சை வாசனைக் கொலோன்யாவை ஊற்றிக்கொண்டே வந்தான். பிறகு டீ, பிஸ்கெட். பொலு தாண்டும்வரை ஹோஜாம் தூங்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரருக்கு இலக்கணம் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதன், கஸ்தமோனு

மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு நகரம். நடுவே சின்ன ஆறு, மேலே கோட்டை, எதிர்க்குன்றில் மணிக்கூண்டு. சரிவுகளில் மரச்சட்டம் போட்ட ஒட்டோமன் வீடுகள். 1925 ஆகஸ்டில் குடியரசை நிறுவிய அதாதுர்க் தலையில் தொப்பியோடு வந்து, ஃபெஸ் குல்லாவுக்கு விடை கொடுக்கச் சொன்னது இந்தப் பக்கத்தில்தான். அப்போது இல்காஸுக்கு 14 வயது.

அவர் 1930இல் ஆசிரியராகி வெளியே வந்தது இந்த ஊர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலிருந்து. படிக்கும்போதே உள்ளூர்ப் பத்திரிகைகளில் கவிதை வந்துவிட்டது. அந்தக் கவிதைகள் அந்த வயதுக்கே உரியவை: காதல், பிரிவு, கல்லறை. பிறகு சில ஆண்டுகள் சின்ன ஊர்களில் தொடக்கப் பள்ளி வாத்தியார். அப்புறம் அங்காராவில் காஸி கல்வி நிறுவனத்தில் இலக்கியம் படித்து 1938இல் முடித்தார். இஸ்தான்புல்லுக்கு வந்து ஏழைப் பேட்டைப் பிள்ளைகள் நடுவில் நின்ற பிறகுதான் குரல் மாறியது. இடதுசாரிக் கவிஞர் நாஸிம் ஹிக்மெத் அப்போது சிறையில். அவருக்கு அடுத்து வந்த, 'நாற்பதுகளின் தலைமுறை' என்று இன்று சொல்லப்படும் சமூக யதார்த்தக் கவிஞர்களில் இல்காஸ், ஆ. காதிர், ஹசன் இஸ்ஸெத்தின் தினாமோ, என்வெர் கோக்சே எல்லோரும் உண்டு. அவர்களில் கிட்டத்தட்ட யாரும் ஜெயிலுக்கோ நாடுகடத்தலுக்கோ தப்பவில்லை.

'அலிஷிம்' என்ற கவிதையை ஹோஜாம் நஸ்ருல்லா பாலத்துக்குப் பக்கத்தில் டீக்கடையில் உட்கார்ந்து சொன்னார். புத்தகம் இல்லை, எல்லாம் மனப்பாடம். மனப்பாட முறையைத் திட்டிய அதே வாய்தான் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

அலி கிராமத்துப் பையன். ஆலையில் வேலை. சக்கரத்திலிருந்து தெறித்த பெல்ட்டில் கை போய்விட்டது. நேற்று மதியச் சாப்பாட்டு மணிக்கு முன்னால்தான் ஸிலே என்ற ஊர்க்காரன் ஒருவனுக்குக் கால்கள் போயின. அவனுக்கும் அறிக்கை எழுதியாகிவிட்டது: கவனக்குறைவு. கவிதையில் கோபமான இடம் இது ஒன்றுதான். அதற்கு மேல் எல்லாம் அலியின் தோளில் கைபோட்டு ஒரு பெரியவர் பேசுவது மாதிரி. கோட்டின் வலது கை காலியாகத் தொங்குகிறது. சரி, ஊருக்கே திரும்பிப் போகிறாய் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கையால் ஏர் பிடித்தாலும் அந்த மஞ்சள் எருது விவரம் தெரிந்தது, உள்விஷயத்தைப் புரிந்துகொள்ளும். ஏர் உனக்கு அடங்காவிட்டால் என்ன, பண்ணையார் ஆடுகள் அடங்கும். வயிற்றுச் சோற்றுக்கு மேய்க்கப் போ. இடையனின் கம்பளிப் போர்வைக்குள் உன் குறை யார் கண்ணில் படப்போகிறது? சுவரில் மாட்டிய சாஸ் வாத்தியம் மாட்டியபடியே இருக்கட்டும். கடைசியில்தான் அடி விழுகிறது: பெண்களும் உன் பழைய சாஸைப் போலத்தான், அணைக்க இரண்டு கை கேட்பார்கள்.

இதில் புரட்சி என்ற சொல் இல்லை, முதலாளி என்ற சொல்லும் என் காதில் விழவில்லை. ஆறுதல் சொல்வதுபோலவே சொல்லிக்கொண்டு போய் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிறார். சமூக யதார்த்தம் என்றதும் முஷ்டியை உயர்த்திய கவிதைதான் எனக்கு நினைவுக்கு வரும். இல்காஸிடம் முஷ்டி கிடையாது, ஏனென்றால் அலியிடம் கையே இல்லை.

சாயங்காலம் புத்தகக் கடையில் 'கராத்மா கெஜெலெரி' வாங்கினேன், 'இருட்டடிப்பு இரவுகள்'. அதன் பின்னணி நடந்த கதை. 1944 தொடக்கத்தில் இல்காஸின் இரண்டாவது கவிதைத் தொகுப்பு, 'வகுப்பு', வெளிவந்தது. சில வாரங்களில் ராணுவச் சட்ட அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்தார்கள். கவிஞர் தலைமறைவு. நண்பர் வீடு, உறவினர் வீடு, விளக்கில்லாத தெருக்கள். பிறகு தானே போய்ச் சரணடைந்தார். ஆறு மாதச் சிறை. வாத்தியார் வேலையும் போனது. முப்பது ஆண்டு கழித்து, 1974இல், அதை நாவலாக்கினார். நாயகன் பெயர் முஸ்தஃபா உரால். 1990இல் யூசுஃப் குர்சென்லி அதைப் படமெடுத்தபோது முஸ்தஃபாவாக நடித்தவர் தாரிக் அகான். ஹபாபாம் படத்தில் பெண்கள் மயங்கும் அழகன் ஃபெரித்தாக வந்தாரே, அவரேதான். ஒரே எழுத்தாளனின் இரண்டு முகத்துக்கும் ஒரே நடிகர். துருக்கிக்காரர்கள் இதைப் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

வியாழன், ஜிதே

ஹோஜாமின் தம்பி காரைக் கொடுத்தார், ஓட்டுவது ஹோஜாம். கஸ்தமோனுவிலிருந்து கடலுக்கு இறங்க மலை மேல் மலையாக ஏற வேண்டியிருக்கிறது. ததாய், அஸ்தவாய் தாண்டி ஒரே காடு. வளைவுகளில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். "பயமா, ஓலும்?" "இல்லை ஹோஜாம், காற்று." சிரித்தார், வேகத்தைக் குறைக்கவில்லை.

ஜிதே கருங்கடல் கரையில் ஒரு சின்ன ஊர். மணல் கிடையாது, கண்ணுக்கெட்டிய மட்டும் கூழாங்கல் கரை. ஒவ்வொரு அலையும் பின்வாங்கும்போது கற்கள் உருண்டு சலசலக்கும். இல்காஸ் 1911இல் இங்கே பிறந்தார். அவர் பெயரில் இங்கே ஒரு கலை பண்பாட்டு இல்லம் இருக்கிறது: புகைப்படங்கள், புத்தகங்கள். ஒவ்வொரு ஜூலையிலும் அவர் பெயரில் விழா, 'சாரி யஸ்மா' விழா. சாரி யஸ்மா இந்த ஊர்ப் பெண்கள் தலையில் கட்டும் மஞ்சள் துணி. 1976இல் அவர் எழுதிய சுயசரிதை நாவலுக்கும் அதே பெயர்.

1970களில் இஸ்தான்புல்லை விட்டு இல்காஸ் ஊருக்கே வந்துவிட்டார். கடற்கரை, பழைய ஜனங்கள், எழுத்து. 1980 செப்டம்பர் 12, ராணுவப் புரட்சி. அடுத்த ஆண்டு மே மாதம் அவரைக் கைது செய்தார்கள். வயது 70, நுரையீரல் போன மனிதர். கையில் விலங்கு மாட்டி, பிள்ளையிலிருந்து அவரைத் தெரிந்த ஊர் பார்க்க, அழைத்துப் போனார்கள். ஜெயிலும் விசாரணையும் அவருக்குப் புதிதில்லை. ஆனால் சொந்த ஊர்த் தெருவில் என்பது வேறு. விடுதலையான பிறகு மீதிக் காலத்தை இஸ்தான்புல்லில் கழித்தார்.

அதே 1981இல்தான் 'யில்திஸ் கராயெல்' வெளிவந்தது. இந்தக் கரையின் மீது வடக்கு வடமேற்கிலிருந்து அடிக்கும் காற்றின் பெயர் அது; கதையும் இந்தக் கரை மனிதர்களுடையது. ஓர்ஹான் கெமால் நாவல் பரிசு அதற்குக் கிடைத்தது. கைது செய்த அரசும் பரிசு கொடுத்த இலக்கிய உலகமும் ஒரே நாட்டில், ஏறக்குறைய ஒரே சமயத்தில்.

ராத்திரி ஹம்சி மீனைச் சோள மாவில் புரட்டிப் பொரித்துக் கொடுப்பார்கள் என்ற ஆசையில் கடைக்குப் போனேன். "அது குளிர்கால மீன், அபி," என்றான் பரிமாறும் பையன், என்னை அண்ணனாக்கி. பீன்ஸ் குழம்பும் சோறும் சாப்பிட்டேன்.

வெள்ளி, கிதெரோஸ், லோச்

ஜிதேக்கு மேற்கே கிதெரோஸ் என்ற குட்டி வளைகுடா. குடுவை போல வாய் குறுகி உள்ளே அகன்ற தண்ணீர், சுற்றிலும் பச்சை மலை. ஹோமரின் இலியட்டில் கப்பல்களையும் நாடுகளையும் வரிசையாகச் சொல்லும் இடத்தில் வரும் கீதோரோஸ் இதுதான் என்கிறார்கள். இரண்டு படகு, ஒரு நாய், வெயிலில் வலை காயவைக்கும் ஒருவர். குளித்தேன். தண்ணீர் மே மாதக் கடைசியிலும் எலும்பைத் தொட்டது.

ஊருக்கு உள்ளே, மலைப்பக்கம் லோச் பள்ளத்தாக்கு. 2010 வாக்கில் அங்கே நீர்மின் நிலையம் கட்ட வந்தார்கள். ஆற்றைக் குழாயில் அடைக்க விடமாட்டோம் என்று கிராமத்து ஜனங்கள் எதிர்த்தார்கள்; பெண்கள் தலையில் அந்த மஞ்சள் துணியைக் கட்டிக்கொண்டு இஸ்தான்புல்லுக்கே போய் உட்கார்ந்தார்கள். இல்காஸ் போய்ச் சேர்ந்து பதினேழு வருஷம் ஆன பிறகு நடந்தது இது. ஆற்றங்கரையில் பசுக்களை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டியிடம் ஹோஜாம் ரிஃபத் இல்காஸைப் பற்றிக் கேட்டார். "எங்க ரிஃபத் ஹோஜாதானே," என்றார் பாட்டி. ஹபாபாம் என்ற பேச்சே எடுக்கவில்லை. இந்தப் பயணத்தில் படத்தைச் சொல்லாமல் அவரைத் தெரிந்திருந்தவர் இவர் ஒருவர்தான்.

சனி, கரையோரமாகச் சினோப் வரை

கரைச் சாலை மேலே ஏறி, கீழே கடலைத் தொட்டு, மறுபடி ஏறுகிறது. நேர்ச்சாலை என்று சொல்ல நூறு மீட்டர் கிடையாது. இனெபோலுவில் மதியச் சாப்பாடு. விடுதலைப் போரின்போது அங்காராவுக்கான ஆயுதங்கள் கப்பலில் வந்து இறங்கிய துறை. இங்கிருந்து மாட்டு வண்டிகளில் மலையேற்றிக் கொண்டுபோனவர்களில் பலர் பெண்கள். 1921 ஜனவரியில் இளைஞர் நாஸிம் ஹிக்மெத்தும் இங்கே வந்திறங்கித்தான் அங்காராவுக்கு நடந்தார். போரில் சேரப் போன நகரத்துப் பையன், வழியில் அனதோலியாவின் வறுமையைக் கண்ணால் பார்த்தது இந்தச் சாலையில். இல்காஸுக்கு அப்போது பத்து வயதும் நிறையவில்லை. கரையில் கொஞ்சம் தள்ளி மேற்கே.

சினோப் வந்து சேர இருட்டிவிட்டது. பாதித் தட்டில் வால்நட்டும் பாதித் தட்டில் தயிரும் போட்டுத் தரும் மந்தி, குட்டி இறைச்சிக் கொழுக்கட்டை மாதிரி. அதைச் சாப்பிட்டுவிட்டு எழுத வேறொன்றும் தோன்றவில்லை.

ஞாயிறு, சினோப் சிறை, திரும்பும் வழி

சினோப் கோட்டைக்குள் இருக்கிறது பழைய சிறை. 1997இல் கைதிகளை வேறிடத்துக்கு மாற்றும்வரை நடந்தது, இப்போது பார்வையாளர்களுக்கு. உயரமான மதில், அதற்கு வெளியே கடல். கடல் கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு மட்டும் கேட்கும். 1933இல் இங்கே அடைபட்டிருந்தார் எழுத்தாளர் சபாஹத்தின் அலி, அதாதுர்க்கை இழித்துக் கவிதை படித்ததாகக் குற்றச்சாட்டு. குடியரசின் பத்தாம் ஆண்டுப் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். வெளியே பைத்தியம் பிடித்த அலைகள் வந்து சுவரை நக்குகின்றன, பரவாயில்லை நெஞ்சே என்று அவர் இங்கே எழுதிய கவிதை எழுபதுகளில் பாட்டாகி, இன்று கல்யாண வீட்டில்கூட ஒலிக்கிறது. சிறைக்குள் வந்த ஒரு கூட்டமும் கைப்பேசியில் அதைத்தான் போட்டுக்கொண்டு நடந்தது.

இல்காஸைத் தேடிய பயணத்தில் இவர் எங்கே வந்தார் என்றால், மார்கோபாஷா வழியாக. 1946 நவம்பர் 25ஆம் தேதி சபாஹத்தின் அலியும் அஸிஸ் நெசினும் தொடங்கிய நகைச்சுவை வார இதழ் அது; கார்ட்டூன் வரைந்தவர் மிம் உய்குசுஸ். இல்காஸும் எழுதினார். ஆளுங்கட்சியை இப்படிக் கிண்டல் செய்த பத்திரிகை அதுவரை கிடையாது. விற்பனை பெரிய நாளிதழ்களைத் தொட்டது. அரசு மூட மூட, மெர்ஹும்பாஷா, மாலும்பாஷா என்று பெயரை மாற்றி மறுபடி வந்தது. பறிமுதல் செய்யப்படாத நாட்களில் வெளிவரும் என்று தலைப்பிலேயே அச்சிட்டிருந்தார்கள். பொறுப்பாசிரியர் என்று யாருடைய பெயர் போகிறதோ அவர் ஜெயிலுக்குப் போவார் என்பது எல்லோருக்கும் தெரியும். இல்காஸ் தன் பெயரைக் கொடுத்தார், போனார்.

சபாஹத்தின் அலி 1948 ஏப்ரலில் பல்கேரிய எல்லைக்கு அருகே கொல்லப்பட்டார், எல்லை தாண்டவைக்கிறேன் என்று கூட்டிப்போனவன் கையால். உடல் ஜூனில்தான் கிடைத்தது. அவருக்கென்று ஒரு கல்லறை இன்றுவரை இல்லை. கொன்றதாக ஒப்புக்கொண்டவன் நாலு வருஷத் தண்டனை பெற்று, அதையும் முழுதாகக் கழிக்காமல் பொதுமன்னிப்பில் வெளியே வந்தான். அஸிஸ் நெசின் கடைசிவரை எழுதினார். 1993 ஜூலை 2 அன்று சிவாஸ் நகரில் மதிமாக் ஹோட்டலைக் கும்பல் கொளுத்தியபோது உள்ளே இருந்தவர்களில் அவரும் ஒருவர், உயிர் தப்பினார். இல்காஸைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதிய விமர்சகர் அசிம் பெஸிர்ஜி தப்பவில்லை. ஐந்து நாள் கழித்து, ஜூலை 7 அன்று, இஸ்தான்புல்லில் இல்காஸ் இறந்தார். வயது 82.

"நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச வருஷம்தான்," என்றார் ஹோஜாம், மதில் நிழலில் நின்றபடி. "கோடை விடுமுறை. சிவாஸ் செய்தி வந்தது, அப்புறம் இவர் செய்தி வந்தது. நடுவில் வீட்டில் என்ன சமைத்தேன், சாப்பிட்டேனா, ஒன்றும் ஞாபகமில்லை." பிறகு, செப்டம்பரில் பள்ளி திறந்ததும் முதல் பீரியடில் 'என் பிள்ளைகள்' கவிதையைப் படித்தாராம். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு செப்டம்பரிலும் அப்படித்தான். "பாடத்தில் இல்லையே என்று யாரும் கேட்கவில்லையா?" "கேட்டார்கள். வருகைப் பதிவு எடுக்கிறேன் என்றேன்."

மதியத்துக்கு மேல் பொயாபாத் வழியாகக் கஸ்தமோனுவுக்குத் திரும்பினோம். காரில் அந்தச் சிறைப் பாட்டைப் போடலாமா என்றேன். "இந்த ஊருக்கு வருகிற எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள், வேண்டாம்," என்றவர் வளைவுகளில் ஸ்டியரிங்கை ஒரு கையால் திருப்பியபடியே 'அலிஷிம்' சொல்ல ஆரம்பித்தார். பெட்ரோல் பங்கில் நின்றபோதும் நிறுத்தவில்லை, ஜன்னல் திறந்திருந்தது. பெட்ரோல் போட்ட நடுவயதுக்காரர் குழாயைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றார். முடிந்ததும், "யார் எழுதினது, அப்லா?" என்றார், ஹோஜாமை அக்காவாக்கி.

"ரிஃபத் இல்காஸ்."

"ஹபாபாம் எழுதினவரா? அவர் கவிதையும் எழுதுவாரா?" மூடியைத் திருகினார். "எங்க மாமா மர மில்லில் இருந்தார், ரம்பத்தில் மூணு விரல் போச்சு. அவருக்கும் இதையேதான் எழுதினாங்க, கவனக்குறைவுன்னு." பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, கவிதையின் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். பிறகு எங்களுக்கு வேறு ரசீது போட்டுத் தந்தார்.